மூன்று வருஷத்துக்கு முந்தைய ஸ்கேன் படத்தைக் கேட்டுப் போனேன்

சேலம் நாலு ரோடு பக்கம் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. அங்கே ஸ்கேன் எப்படி எடுத்தார்கள் என்பது இல்லை விஷயம். எடுத்து கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து, அந்தப் படங்களைத் திரும்பக் கேட்டுப் போனேன். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. இருபது வருஷம் பீடி குடித்தவர், விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. 2024 ஜனவரியில் ஆரம்பித்த இருமல் ஆறு வாரம் ஆகியும் நிற்கவில்லை. "பனிக்கு வர்றதுதான் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டாயப்படுத்திக் கீழே கூட்டி வந்தேன். சளிப் பரிசோதனையில் டிபி இல்லை. எக்ஸ்ரேயில் ஏதோ சந்தேகம், அதனால் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் 7 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு.

டாக்டர் நிதானமானவர். "ஒரு மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இது புதுசா வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு தெரியணும். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா?" என்றார். இருந்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். ஊரில் பாதிப் பேர் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் பத்திரமாக வைத்திருந்தேன். கொரோனாவால் நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதற்கு 25க்கு 9 என்று மதிப்பெண், இரண்டு பக்கமும் படலம் என்று எழுதியிருந்தார்கள். முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு எல்லாரும் அந்த மதிப்பெண்ணைத்தானே பார்த்தோம்.

"எழுதலைங்கறதால இல்லைன்னு ஆகிடாதும்மா. எனக்குப் படம் வேணும்" என்றார்.

பிலிம் நாகலூர் வீட்டுப் பீரோவில் இருந்தது. தம்பி எடுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். இரண்டு ஷீட்டும் ஈரத்தில் ஒட்டிப்போய், பிரித்தால் மையோடு உரிந்து வந்திருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் துணியே நாலு நாளைக்குக் காயாது, பிலிம் எப்படித் தாங்கும்? பிலிம் நன்றாக இருந்திருந்தாலும் போதாது என்று டாக்டர் பிறகு சொன்னார். நெஞ்சு ஸ்கேனில் மெல்லிய துண்டுகளாக முன்னூறுக்கு மேல் படம் வரும். பிலிமில் அச்சடித்துத் தருவது அதிலிருந்து எடுத்த கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் தடிமனான துண்டுகள். 7 மில்லிமீட்டர் முடிச்சு இரண்டு படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடலாம். முழுப் படங்களும் டைகாம் என்ற வகைக் கோப்பாக சென்டரின் கணினியில்தான் இருக்கும். கேட்டால் டிஸ்க்கில் பதிந்து தருவார்கள். 2021ல் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், ரிப்போர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினேன்.

முதல் நாள் சென்டருக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்காதுங்க" என்றான். கணினியைத் தொடக்கூட இல்லை. இந்த சென்டரின் பெரிய குறை இதுதான். பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். வேறு யாராவதாக இருந்தால் அந்த வார்த்தையை நம்பித் திரும்பியிருப்பார்கள், அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் நிலைமை வந்திருக்கலாம். நான் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். பழைய பில் இல்லை என்று தேடாமல் சொல்லிவிட முடியாத வேலை. அதனால் நகரவில்லை. பதிவுகளைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டேன், மாடிக்குப் போகச் சொன்னான்.

மாடியில் இருந்த பெண்ணுக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தேன். "உட்காருங்கக்கா, பேரைச் சொல்லுங்க" என்றவர், அப்பா பெயரை நாலு விதமாக அடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. இனிஷியல் முன்னால், பின்னால், 'த'வுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, இரண்டு எழுத்து. கொரோனா அவசரத்தில் யார் எப்படி அடித்தார்களோ. அப்புறம் என் கையில் இருந்த ரிப்போர்ட்டை வாங்கி, மேலே மூலையில் பொடியாக அச்சாகியிருந்த எண்ணைப் போட்டார். வந்துவிட்டது. இனிஷியலே இல்லாமல், வயதும் இரண்டு தப்பாகப் பதிவாகியிருந்தது. அந்த ஒரு தாள் என்னிடம் இல்லாமல் போயிருந்தால் அப்பாவின் படம் உள்ளே இருந்தும் கிடைத்திருக்காது.

படங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருப்பதாகவும், எடுக்க நேரம் ஆகும் என்றும் சொன்னார். அப்பாவே வந்தால் ஆதாரைக் காட்டினால் போதும். இல்லை என்றால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் ஆதார் நகலும் வேண்டுமாம். இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாவின் நெஞ்சைத் தூக்கிக் கொடுத்தால் எனக்குத்தான் கோபம் வரும். ஆனால் இருமுகிற மனுஷரை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கூட்டி வர முடியாது. தம்பி கடிதம் வாங்கி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுப்பிய ஆளோ பதிவுகளைக் கேட்டால், கேட்டதற்கு ஒப்புதல் தந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எங்களுடையது வெளியிலிருந்து வந்து எடுத்த ஸ்கேன், அந்த மூன்று வருஷக் கணக்கைச் சொல்லி நான் வாதாடியிருக்க முடியாது. மாடியில் இருந்த பெண் அந்த வரியைப் படித்துவிட்டு, "இதெல்லாம் வேணாங்கக்கா, எடுத்துத் தர்றேன்" என்றார். கடிதத்தின் நகலில் தேதி போட்டு முத்திரை வைத்தும் கொடுத்தார். கொடுத்த மறுநாள் சாயங்காலமே டிஸ்க் தயார். 200 ரூபாய், ரசீது உண்டு.

டிஸ்க்கில் மட்டும்தான் தருகிறார்கள். வைரஸ் பயத்தில் பென் டிரைவ் வாங்குவதில்லை, அதுவும் நியாயம்தான். ஆனால் என் லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை. யார் வீட்டில் இருக்கிறது இப்போது? மில்லில் ஒரு பழைய கணினியில் போட்டு, எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்தேன். டிஸ்க்கிலேயே படம் பார்க்கும் மென்பொருள் இருந்தது, விண்டோஸில் மட்டும் ஓடும். வீயசிஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் எளிதாகத் திறந்தது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் தோளிலிருந்து வயிறு வரை துண்டு துண்டாக இறங்குகிறது. வெளிச்சத்தை மாற்றினால் நுரையீரல் தெரிகிறது, இன்னொரு மாதிரி மாற்றினால் எலும்பு. பிலிமில் இது எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பெயரும் தேதியும் இருந்தன. நானே முடிச்சைத் தேடிப் பார்த்தேன். ரத்தக்குழாய் எல்லாமே எனக்கு முடிச்சாகத் தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன்.

டாக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "இங்க பாருங்க" என்றார். 2021 மே மாதப் படத்தில், அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. திடமான முடிச்சு இரண்டு வருஷத்துக்கு மேல் வளராமல் இருந்தால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை என்று விளக்கினார். சதை எடுத்துப் பார்க்க வேண்டாம், இருமலுக்குத் தனியாக மருந்து என்று எழுதினார். நான் அங்கேயே அழுதேன்.

அப்பாவுக்குப் போன் போட்டதும் முதலில் கேட்டது, "எவ்வளவு ஆச்சு?" 200 ரூபாய் என்றேன். "அவ்வளவுதானா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்த சென்டருக்கு ஐந்தில் நாலு. குறைத்த ஒன்று கீழ்க் கவுண்டருக்கு. பழைய படங்கள் எத்தனை வருஷம் இருக்கும், எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அங்கே ஒட்டினால் போதும். மாடிக்கு லிஃப்ட் இல்லை, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். போகும்போது ரிப்போர்ட்டையோ பில்லையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெயரைச் சொன்னால் மட்டும் கிடைக்காது. கேட்கும்போது "சிடி வேணும்" என்றால் ஸ்கேன் எடுக்க வந்திருப்பதாக நினைத்து டோக்கன் கொடுத்துவிடுவார்கள், "படத்தை டிஸ்க்ல போட்டுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். 2021ல் அங்கே நெஞ்சு ஸ்கேன் எடுத்தவர்கள் இருந்தால், இந்த மாதமே போய்க் கேளுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்குகளை எப்போது அழிப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.