கவுண்ட்டரில் விண்டோஸ், குடோனில் லினக்ஸ்: சி++ சிஸ்டம் எரர் லைப்ரரி தேறுமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினால், கவுண்ட்டரில் விண்டோஸ், மாதவரம் குடோனில் லினக்ஸ், முதலாளி வீட்டில் மேக் என்று மூன்றிலும் அது ஓடியாக வேண்டும். ஏதாவது தவறினால் ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) தரும் எரர் நம்பரை வெறும் எண்ணாக கம்பேர் செய்திருந்தால் தொலைந்தது. 5 என்றால் விண்டோஸில் அனுமதி மறுப்பு, லினக்ஸில் ஐ/ஓ (டேட்டாவைப் படிப்பதில், எழுதுவதில்) கோளாறு. லினக்ஸில் 11 'மறுபடி முயற்சி செய்', 35 டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் முட்டுக்கட்டை). மேக்கில் இவை இரண்டும் அப்படியே இடம் மாறி உட்கார்ந்திருக்கும்!

சி++11-இல் வந்த சிஸ்டம் எரர் ஹெட்டர் இதற்கு உருப்படியான வழி. அதிலுள்ள எரர் கோட், ஓஎஸ் கொடுத்த நம்பரையும் அதன் கேட்டகரியையும் (அது எந்த வகை எரர் பட்டியலைச் சேர்ந்த நம்பர் என்பதையும்) சேர்த்தே வைத்திருக்கும். எல்லா ஓஎஸ்ஸுக்கும் பொதுவான எரர் பெயரோடு (எரர் கண்டிஷன்) ஒப்பிடும்போது மட்டும், அந்த நம்பரைப் பொதுப் பெயரோடு பொருத்தும் மேப்பிங் நடக்கும். 'ஃபைல் இல்லை' என்று ஒருமுறை எழுதினால் போதும். லினக்ஸின் 2, மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலரான விஷுவல் சி++-இல் விண்டோஸின் 2, 3 எல்லாம் பொருந்தும். ஒரிஜினல் நம்பர் லாகுக்கு அப்படியே கிடைக்கும். இதற்கே முழு மார்க்.

பலர் வழுக்குவது கேட்டகரியில். விண்டோஸின் கெட்லாஸ்ட்எரர் ஃபங்ஷன் தந்த நம்பருக்கு சிஸ்டம் கேட்டகரி, சி லைப்ரரி எரர் நம்பரை வைக்கும் எர்நோவுக்கு ஜெனரிக் கேட்டகரி. லினக்ஸில் மாற்றிப் போட்டாலும் ஓடிவிடும். விண்டோஸில் எர்நோ 13-ஐ சிஸ்டம் கேட்டகரியில் போட்டால், அனுமதி மறுப்பு 'தவறான டேட்டா' ஆகிவிடும். டெஸ்டிங் முழுக்க லினக்ஸிலேயே நடந்தால் இந்தப் பிழை கடைக்குப் போன பிறகுதான் பல்லைக் காட்டும்.

மேப்பிங்கும் கொஞ்சம் கரடுமுரடு. ஸ்டாக் ஃபைலை எக்செல் திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் 32 தரும். விஷுவல் சி++ அதையும் அனுமதி மறுப்பில் சேர்த்துவிடும். சற்று பொறுத்து மறுபடி முயல வேண்டிய இடத்தில் 'அட்மினை அணுகவும்' என்று திரையில் வந்தால் கேஷியர் என்ன செய்வார்? அங்கே வேல்யூ 32-ஆ என்று தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

மெசேஜ் வாசகத்தை கம்பேர் செய்யாதீர்கள். ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறும். பொதுவான எரர் பெயர்களுக்குரிய எண்ணையும் டேட்டாபேஸில் எழுதாதீர்கள். 'கனெக்‌ஷன் மறுப்பு' லினக்ஸில் 111, மேக்கில் 61, விஷுவல் சி++-இல் 107. கவுண்ட்டரிலிருந்து குடோனுக்கு அனுப்ப சொந்தமாக ஒரு ஸ்ட்ரிங் பெயர் வையுங்கள். ஓஎஸ் நம்பர் பக்கத்து நெடுவரிசையில், எந்த ஓஎஸ் என்ற குறிப்போடு இருக்கட்டும்.