உள்ளூர் பெல்லட்டா, மேட்ச் பெல்லட்டா? டின்னில் உள்ள பேட்ச் எண்ணைப் பாருங்கள்

மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) சுடுகிறாள். பயிற்சிக்குப் பாபநாசத்திலிருந்து திருச்சி போய் வருகிறோம். இந்த ஆண்டுப் போட்டிகளுக்கு எந்த பெல்லட் (அதில் போடும் சிறு ஈயக் குண்டு) வாங்குவது என்று உள்ளூர் தயாரிப்பையும் போட்டிக்கென்றே செய்யும் ஜெர்மன் மேட்ச் பெல்லட்டையும் சுட்டுப் பார்த்து, கடைசியில் ஜெர்மன் பெல்லட்டைத்தான் எடுத்தோம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் பலர் இதையே கேட்பதால் எழுதுகிறேன்.

விலையில் உள்ளூர் டின் மலிவு. இரண்டுமே 4.5 மி.மீ., தட்டைத் தலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை நிற்கவும் மூச்சைப் பிடிக்கவும் டிரிகரை அழுத்தவும் பழகுகிற மாதங்களில் மலிவானதே போதும், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

போட்டி என்று வந்தால் கணக்கு வேறு. இலக்கில் 10-இன் புள்ளி வெறும் 0.5 மி.மீ. விட்டம். தசமத்தில் மதிப்பெண் போடும்போது குண்டு 0.25 மி.மீ. தள்ளி விழுந்தால் 0.1 போய்விடும். தகுதிச் சுற்றில் 60 குண்டு. ஒவ்வொன்றிலும் அவ்வளவு போனால் மொத்தம் 6 மதிப்பெண் காலி, பிள்ளை சரியாகச் சுட்டும் இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியாது. நாங்கள் வாங்கிய உள்ளூர் பெல்லட்டில் ஒரே டின்னுக்குள்ளேயே எடையும் பின்பக்க விளிம்பும் ஒன்றுபோல இல்லை. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்டு என் ஃபினாலே மேட்ச் போன்ற ஜெர்மன் பெல்லட்டுகள் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதே பெயர், அதே 0.53 கிராம் எடை, தலை அளவு மட்டும் 4.49, 4.50, 4.51 என்று வரும். அச்சு தேயத் தேய ஒரு பேட்ச்சுக்கும் (ஒரே தடவையில் செய்த தொகுதி) அடுத்ததற்கும் கூட மாறும். பக்கத்து லேன் பிள்ளைக்கு 4.50 பிரமாதமாக இருக்கிறது என்பதால் உங்கள் குழலுக்கும் அதுதான் சரி என்று சொல்ல முடியாது, கோச் சொன்னாலும் சோதித்துப் பாருங்கள். துப்பாக்கியைக் கிளாம்ப்பில் இறுக்கி, பேட்ச் பேட்ச்சாக ஒவ்வொன்றிலும் பத்து சுட்டால் போதும். ஒத்துப்போகும் பேட்ச் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாக விழும், ஒத்துப்போகாதது விரிந்துவிடும். அப்புறம் அந்த எண்ணிலேயே பருவம் முழுக்கத் தேவையான டின்களை ஒரேயடியாக வாங்கிவிடுங்கள், அடுத்த முறை அது கிடைக்காது. பேட்ச் எண்ணைச் சொல்லாத கடையில் நான் வாங்குவதில்லை.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், மூடியை இறுக்கி வையுங்கள், மர அலமாரியில் திறந்து போட வேண்டாம். சுட்டு முடித்ததும் பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது.

பிஸ்டலில் எனக்கு அனுபவம் குறைவு. அதில் 10-இன் வட்டமே 11.5 மி.மீ. என்பதால் பேட்ச் வித்தியாசம் இவ்வளவு பாதிக்காது என்று நினைக்கிறேன், பிஸ்டல் சுடும் பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் கோச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள்.