மார்த்தாண்டம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்: ‘ஹோல்ட்’ ஒண்ணுக்கே ரெண்டு நாள்

மஸ்கட்ல இருந்து லீவுல வந்தப்போ மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்துல ஒரு மாடில நடக்குற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேர்ந்தேன். ரெண்டு மாசத்துக்கு 3000 ரூபாய்.

சேர்ந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. போன தடவை கிளம்பும்போது டிக்கெட் போட்டுத் தந்தவரு போன்ல “எண்ணெயை ஹோல்ட் பேக்ல போட்டுருங்க”ன்னாரு, ஹோல்டுன்னா பிடிக்கிறது தானே, அப்போ கைல பிடிச்சிட்டுப் போற பைன்னு நெனச்சு எனக்க அம்ம செக்குல ஆட்டி வாங்கி வச்சிருந்த ரெண்டு லிட்டர் தேங்காயெண்ணெயையும் தோள் பைல வச்சிட்டேன், திருவனந்தபுரம் ஏர்போர்ட் செக்கிங்ல 100 மில்லிக்கு மேல விட முடியாதுன்னு எடுத்து வச்சிட்டாங்க, பெட்டி அதுக்கு முன்னாடியே உள்ள போயாச்சு. எங்க தோட்டத்துத் தேங்கா அது. அம்மகிட்ட இன்னும் சொல்லல.

இதை கிளாஸ்ல சொன்னப்போ சார் சிரிக்கல, யாரையும் சிரிக்கவும் விடல. அன்னைக்குப் பாடத்தை நிறுத்திட்டு போர்டுல ‘ஹோல்ட்’னு எழுதினாரு. கப்பல்லயும் பிளைட்லயும் சரக்கு போடுற கீழ் அறைக்கு ஹோல்டுன்னு பேரு, அதுல போற பெட்டி தான் ஹோல்ட் பேக், ஆனா அது பிடிக்கிற ஹோல்டே இல்ல, ஓட்டை, பள்ளம்னு அர்த்தம் வர்ற ‘ஹோல்’ தான் காலப்போக்குல மத்த வார்த்தையோட குழம்பி கடைசில ஒரு ‘டி’ ஒட்டிக்கிச்சுன்னு சொன்னாரு. உடனே பின்னாடி பெஞ்சுல இருந்த குளச்சல் அண்ணன், “அப்போ போட்ல மீனையும் ஐஸையும் போடுற கீழ் அறை?”ன்னு கேட்டாரு. அதுவும் ஹோல்டு தான் மக்களேன்னாரு சார். அண்ணன் அதை நோட்டுல எழுதி அடியில கோடு போட்டதைப் பாத்தேன்.

அடுத்த நாள் சார் ஒரு பிளாஸ்டிக் குடத்தோட வந்தாரு. “இது எவ்ளோ தண்ணி பிடிக்கும்?” இங்கிலீஷ்லயும் அதே ஹோல்ட் தான். மூச்சைப் பிடின்னாலும் ஹோல்ட். சம்பளத்துல பிடிச்சுக்கிட்டா அதுக்கு முன்னாடி ஒரு ‘வித்’ சேர்த்து வித்ஹோல்ட். ஆனா பஸ் பிடிக்கிறதும் மீன் பிடிக்கிறதும் சளி பிடிக்கிறதும் அங்க ‘கேட்ச்’, எனக்கு புட்டு பிடிக்கும்னா ‘லைக்’. நாம ஒரே பிடியை எல்லாத்துக்கும் வச்சிருக்கோம், அவங்க பிரிச்சு வச்சிருக்காங்க, எது எங்க பிரியுதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும்னு சொன்னாரு, எனக்கு நிஜமாவே போச்சு.

வேலைக்கு உதவினது இன்னொண்ணு. கம்பெனி மெயில்ல மீட்டிங் ‘வில் பி ஹெல்ட்’னு வந்தா நடக்கப் போகுதுன்னு அர்த்தம், அதே மீட்டிங் ‘ஆன் ஹோல்ட்’னு வந்தா நிறுத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். வார்த்தை ஒண்ணு, விஷயம் நேர் எதிர். இதை இத்தனை வருஷமா யாரும் எனக்குச் சொல்லித் தரல, டிக்சனரில பாத்தாலும் இருபது அர்த்தம் வரிசையா இருக்கும், எதை எடுக்கணும்னு தெரியாது. ஒரு ஆளு சொன்ன வாதம் ‘டஸ் நாட் ஹோல்ட் வாட்டர்’னா அது நிக்காதுன்னு அர்த்தமாம், தண்ணி தங்காத ஓட்டைக் குடம் போலன்னு சார் அந்தக் குடத்தையே தூக்கிக் காட்டினாரு.

குறையும் சொல்லணும். தர்ற நோட்ஸ் எல்லாம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், பாதி எழுத்து தெரியாது. போன்ல பேசப் பழக்குறது ரொம்பக் கம்மி, கொஞ்சம் பொறுங்க, லைனை வைக்காதீங்கன்னு சொல்ற ‘ஹோல்ட் ஆன்’, ‘ஹோல்ட் தி லைன்’ ரெண்டையும் ஒரே நாள்ல ஓட்டிட்டாரு, கல்ஃப்ல வேலை பாக்குறவங்களுக்கு அதுதான் தினமும் வேணும். சாயங்காலம் 6 மணி பேட்ச்ல கூட்டம் ஜாஸ்தி, கீழ பைக் விட இடமே கிடையாது. காலைல 7 மணி பேட்ச்ல பத்துப் பேரு தான், கேள்வி கேட்டா சார் நின்னு பதில் சொல்லுவாரு, சேர்றவங்க அதுல சேருங்க.