வாசல் புங்கை: பத்து வருஷத்துக்குப் பிறகு

எங்கள் அருப்புக்கோட்டை வீடு மேற்குப் பார்த்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் வாசற்படி ஏறி நடு அறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2014 ஆடியில் வேப்பங்கன்று வாங்கத்தான் போனேன். "மேற்கு வெயிலை மறைக்கணுமா? புங்கை கொண்டு போங்கண்ணே, குடை மாதிரி கட்டும்" என்றார் நர்சரிக்காரர். முழங்கால் உயரக் கன்று.

எங்களுடையது கரிசல் மண். இரண்டடிக் குழி எடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு வைத்தேன்.

வறட்சி தாங்கும் மரம் என்றால் வைத்த நாளிலிருந்தே தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் இரண்டு கோடைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் ஊற்றினேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்ததே, அப்போதுதான் உண்மையான சோதனை. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் வாங்கும்போது மரத்துக்கு எங்கே போவது? பாத்திரம் கழுவிய தண்ணீரோடு சரி. பாதி இலையைக் கொட்டிவிட்டு நின்றது, சாகவில்லை. மழை விழுந்ததும் துளிர்த்துவிட்டது. அதன்பிறகு நான் ஒரு சொம்பு கூட ஊற்றியதில்லை.

இதன் சாமர்த்தியம் இலை உதிர்க்கிற நேரத்தில் இருக்கிறது. மாசிக் கடைசியில் பத்துப் பதினைந்து நாள் மொட்டையாக நிற்கும். கத்திரி பிறப்பதற்குள் பளபளவென்று புது இலை மூடிவிடும். வெயில் உச்சத்தில் நிழலும் உச்சத்தில். அப்புறம் பூ. பழைய புலவர்கள் புங்கம்பூவைப் பொரி என்றது சும்மா இல்லை. காலையில் பார்த்தால் பைக் சீட், கோலம், செருப்புக்குள் எல்லாம் பொரி கொட்டிக் கிடக்கும். அம்மா தென்னந்துடைப்பத்தோடு திட்டிக்கொண்டே கூட்டுவார். வற்றல் காயப்போட வாசலில் வெயில் இல்லை என்பது அவருடைய இன்னொரு வழக்கு. அதில் நியாயமும் இருக்கிறது.

இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும், வெள்ளைத் திட்டுகளும் விழும். முதல் முறை பயந்து கடை கடையாக மருந்து விசாரித்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. அந்த இலை உதிர்ந்து புதுசு வந்தது, மரம் பாட்டுக்கு வளர்ந்தது. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் மாடு முதுகு சொறிய வந்து சாய்த்துவிடாமல் மூன்று வருஷம் முள்வேலி தேவைப்பட்டது.

தப்பு என்னுடையது ஒன்று. சுற்றுச்சுவரிலிருந்து நாலடியில் வைத்துவிட்டேன். ஏழாம் வருஷம் சுவரில் கீழிருந்து மேலாக ஒரு விரிசல். அஸ்திவாரத்தைத் தோண்டினால் மணிக்கட்டுத் தடிமன் வேர். கொத்தனார் கூலியோடு கணிசமாகச் செலவானது. பன்னிரண்டடியாவது தள்ளி வையுங்கள், மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். எங்கள் மரத்தில் கம்பிப் பக்கக் கிளையை வெட்ட வந்தவர்கள் ஒரு பக்கத்தை முழுசாக வழித்துவிட்டார்கள். இன்னும் ஒருச்சாய்த்த குடையாகத்தான் நிற்கிறது.

ஆனாலும் மூன்று மணிக்கு மீட்டர் படிக்க வருபவர், கீரைக்காரம்மா, கூரியர் பையன் என்று யாராவது ஒருவர் அடியில் நின்று முகம் துடைத்துக்கொண்டுதான் போகிறார்கள். விழுந்த விதையில் தொட்டிகளுக்குள் தானாகக் கன்று முளைக்கிறது. போன ஆடியில் மூன்றைப் பிடுங்கிப் பையில் வைத்தேன். ஒன்று கீரைக்காரம்மா கொண்டு போய்விட்டார்.