ட்ரிகர் ஊசிக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தில் என் தங்கைக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

தங்கைக்குப் பல வருஷமாகச் சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்). ஒல்லி உடம்பு. சினைப்பையில் எவ்வளவு முட்டை இருப்பு என்று காட்டும் ஏஎம்ஹெச் அளவும் அதிகம். இப்படிப்பட்டவர்களுக்குக் கருமுட்டை வளர ஊசி போட்டால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படலாம் என்பது அந்தத் துறை டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இது மூன்றும் அவர்கள் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்து முப்பதுக்கு மேல் முட்டைகள். அதைப் பார்த்த பிறகும், முட்டை எடுப்பதற்கு முன் அதை முதிரவைக்கப் போடும் ட்ரிகர் ஊசியாக ஹெச்சிஜி ஹார்மோனைப் போட்டு, முட்டை எடுத்து, அதே மாதம் கருவையும் வைத்துவிட்டார்கள்.

ஹெச்சிஜி உடம்பில் பல நாள் தங்கி வேலை செய்யும். சினைப்பை வீங்கும், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும், ரத்தம் கெட்டியாகி உறையவும் செய்யலாம். கரு தங்கினாலோ உடம்பே ஹெச்சிஜி சுரந்து இதை இன்னும் மோசமாக்கும்.

பாலக்கோட்டில் வீட்டுக்கு வந்த பிறகு முந்தின நாள் கட்டிய பாவாடை நாடா மறுநாள் முடிச்சுப் போட எட்டவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், ஒன்றுக்குப் போனால் அரை டம்ளர்கூட இல்லை. மையத்துக்குப் போன் செய்தால், "கேஸ்தான்மா, ஓமத்தண்ணி குடுங்க" என்றார் நர்ஸ். டாக்டரிடம் கொடுங்கள் என்று எவ்வளவு கெஞ்சியும் கொடுக்கவில்லை. ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் 108இல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். வயிற்றில் ஊசி வைத்து நீரை எடுத்தார்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். அங்கேதான் பிழைத்தாள்.

தடுக்க வழியே இல்லாத நோய் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு வழி இருக்கிறது. கருமுட்டை வளரப் போடும் ஊசியைக் குறைந்த டோஸில் தொடங்கலாம். முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்க ஆன்டகோனிஸ்ட் என்ற வகை ஊசி போடும் முறையில் போனால், ட்ரிகருக்கு ஹெச்சிஜிக்குப் பதிலாக லூப்ரோலைடு மாதிரி ஊசி போடலாம். அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கருவை உறையவைத்து, சினைப்பை சுருங்கிய பிறகு வேறு மாதத்தில் வைக்கலாம். நீர் கசிவதைக் குறைக்க கேபர்கோலின் மாத்திரையும் கொடுப்பார்கள். நீர்க்கட்டி இருக்கிறவர்கள் முதல் நாளே இதையெல்லாம் கேளுங்கள், முக்கியமாக உறையவைப்பதைப் பற்றி. எங்களிடம் அதற்குத் தனிக் கட்டணம் என்று மட்டும் சொன்னார்கள், எதற்காக என்று சொல்லவே இல்லை.

ஒரே நாளில் எடை ஒரு கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விடாமல் வாந்தி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ போனில் பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், கருமுட்டை ஊசி போட்டதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம், ஃபைல் நகல். முதல் பக்கமும் ஸ்கேன் தாளும் என் போனில் போட்டோவாக இருந்தது நல்லதாகப் போயிற்று. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம், முழு ஃபைல் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் கையிலிருப்பதை வைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கப் போகிறோம்.