கிட்ஹப் கிஸ்ட்: போட்டு வைக்க நல்ல இடம், தேடி எடுப்பதுதான் பாடு

புதுச்சேரியில் லாட்ஜ், கடலூரில் கல்யாண மண்டபம், நடுவில் சில பல் டாக்டர்கள். என் வாடிக்கையாளர்கள் இவ்வளவுதான். யாருக்கு வெப்சைட் செய்தாலும் அதே நாலைந்து துண்டுக் கோட்கள்தான் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் இப்போது கிஸ்ட்டில்தான் வைத்திருக்கிறேன். கோட் துண்டுகளைப் போட்டு வைத்து லிங்க்கில் பகிர கிட்ஹப் தளம் தரும் சேவை அது.

ஓர் உதாரணம். மஞ்சக்குப்பத்து மண்டபத்தின் வாடகை அமெரிக்க முறையில் 125,000 என்று வந்து நின்றது. "என்ன தம்பி, கமா தப்பா நிக்குதே" என்றார் உரிமையாளர். ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் ஃபார்மட்டில் மொழிக் குறியை இந்தியாவுக்கு மாற்றினால் 1,25,000 என்று வந்துவிடும். ஒரே வரி வேலைதான், ஆனால் அந்த ஒரு வரி ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். கிஸ்ட்டில் போட்டு லாஸ்பேட்டை நண்பருக்கு லிங்க் அனுப்பினேன். அவர் அதை ஃபோர்க் செய்து, அதாவது தன் கணக்கில் ஒரு பிரதி எடுத்து, பிரெஞ்சுப் பக்கத்துக்கும் சேர்த்துவிட்டார். அங்கே கமா இருக்காது, இடைவெளிதான். புதுச்சேரி லாட்ஜ்காரர்களுக்கு இது தேவைப்படும்.

2008-லிருந்தே இருக்கிற சேவை இது. ஒவ்வொரு கிஸ்ட்டும் உள்ளுக்குள் முழு கிட் ரெப்போ (மாற்றங்களின் வரலாற்றோடு ஃபைல்களை வைக்கும் கிடங்கு) என்பதுதான் எனக்குப் பிடித்தது. எப்போது எந்த வரியை மாற்றினோம் என்பது அப்படியே இருக்கும். குளோனும் செய்யலாம், அதாவது அந்த வரலாற்றோடு நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்' என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் கிடையாது. நண்பர் கமென்டில் சொல்வார், நான்தான் எடுத்து ஒட்ட வேண்டும்.

தேடுவதுதான் தலைவலி. ஃபோல்டர் இல்லை, டேக் இல்லை. அகர வரிசையில் முதலில் வரும் ஃபைலின் பெயரே தலைப்பாகிவிடும். அதனால் ஃபைல் பெயரிலேயே 'மண்டபம்', 'லாட்ஜ்' என்று முன்னொட்டு வைத்து, விளக்கத்திலும் அதே சொல்லைப் போடுகிறேன். வெப்சைட்டின் தமிழ்த் தலைப்புகளில் ஈகாரச் சுழி மேல் வரியில் இடிக்காமல் வரி உயரத்தைக் கூட்டும் துண்டை இப்படித்தான் சட்டென்று பிடிக்க முடிகிறது.

கிஸ்ட்டில் பொது, சீக்ரெட் என்று இரண்டு வகை. சீக்ரெட் என்ற பெயரை நம்பி பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேறு சேவையை நம் கோடு பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) எதையும் போட்டுவிடாதீர்கள். தேடலில் வராது, அவ்வளவுதான். லிங்க் கிடைத்தால் யாரும் பார்க்கலாம். சீக்ரெட்டைப் பிறகு பொதுவாக்கலாம். பொதுவில் போட்டதைத் திரும்ப சீக்ரெட்டாக்க வழியில்லை.

நாள் முழுக்க நீங்களே அடிக்கிற கோடுக்கு கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடின் ஸ்னிப்பெட்டே (சுருக்கத்தை முழுத் துண்டாக விரிக்கும் வசதி) வேகம்: ரெண்டெழுத்து, ஒரு டேப். ஆனால் அதை ஜேசன் என்ற ஃபைல் வடிவத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள், உள்ளே இருக்கும் மேற்கோளுக்கு ஒரு பின்சாய்கோடு... பொறுமை வேண்டும், சாமி.

கிஸ்ட் இலவசம்தான். 2018-லிருந்து பெயரில்லாமல் போட விடுவதில்லை, கணக்கு வேண்டும். பொது கிஸ்ட்டைப் பார்க்கவும் காப்பி எடுக்கவும் அதுவும் வேண்டாம். அதனால் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே லிங்கை அனுப்பிவிடுகிறேன்.