அலுவலக மேசைக்கு எந்தப் போன்: பழைய இன்டர்காமா, ஐ.பி. போனா?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பம்பு உதிரி பாகங்களை மொத்த விலைக்கு விற்கும் எங்கள் அலுவலகத்தில், 14 மேசைகளுக்கும் போன் மாற்றும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் ஆர்டர்களில் பெரும்பகுதி இன்னமும் போனில்தான் வருகிறது. சீல் எந்த அளவு, ஷாஃப்ட் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துச் சரிபார்க்கும் வியாபாரம் இது. அலுவலகத்துக்குள் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அனலாக் போன்களை மட்டும் புதிதாக வாங்குவது, எல்லா மேசைகளுக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐ.பி. போன் போடுவது, மேசைப் போனே வேண்டாம் என்று ஊழியர்களின் செல்போனில் செயலி ஏற்றிக் கொடுப்பது என மூன்று வழிகள் இருந்தன. நாங்கள் ஐ.பி. போனுக்குப் போனோம். இன்று மறுபடி வாங்கச் சொன்னாலும் அதையே வாங்குவேன். ஆனால் மின்சாரத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் வாங்குவேன்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு மிகக் குறைவு, வெளியே சுற்றும் விற்பனையாளர்களுக்கு அது போதும், எங்களிடம் இருவர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து நாள் முழுவதும் ஆர்டர் எடுப்பவருக்கு, சொந்த அழைப்புகளும் பேட்டரிக் கவலையும் இல்லாத தனிப் போன் வேண்டும்.

அனலாக் போனை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. இரண்டே கம்பிகளில் பெட்டியிலிருந்தே மின்சாரம் வந்துவிடுவதால் மேசையில் தனி பிளக் தேவையில்லை; செட்டிங் எதுவும் இல்லை; கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் முடிந்தது. ஆனால் ஒருவர் இடம் மாறினால் சுவரிலுள்ள இணைப்புப் பெட்டியில் கம்பி மாற்ற ஆள் வர வேண்டும், அந்த ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போகிறது. ஐ.பி. போனை எந்த மேசைக்குத் தூக்கிச் சென்றாலும் அவருடைய எண் கூடவே வந்துவிடும். குரலிலும் வேறுபாடு தெரிகிறது. வழக்கமான தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'எஸ்', 'எஃப்' ஆகிய எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், பார்ட் எண்ணைச் சொல்லும்போது குடோனில் தவறான பெட்டி எடுக்கப்படுவது எங்களிடம் வழக்கமாகவே இருந்தது. ஜி.722 என்னும் குரல் கடத்தும் முறையில் பேசும் ஐ.பி. போன்கள் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்புகளில் இந்தத் தெளிவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அலுவலகத்துக்கும் குடோனுக்கும் இடையே நன்றாகக் கிடைக்கிறது.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன், ஏனெனில் எங்களை அதிகம் வருத்தியதும் இந்த முடிவை உறுதிப்படுத்தியதும் அதுதான். போன்களை விற்றவர், நெட்வொர்க் கேபிள்களை இணைப்பதோடு மின்சாரமும் கொடுக்கும் பி.ஓ.இ. ஸ்விட்ச் என்ற பெட்டி வீண் செலவு என்று சொல்லி, 14 அடாப்டர்களைக் கொடுத்துவிட்டார். மே மாதத்தில் ஒரு மதியம் இடி மழையோடு கரண்ட் போனது. கம்ப்யூட்டர்கள் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தன, சாதாரண பிளக்கில் இருந்த 14 போன்களின் திரைகளும் ஒரே நொடியில் அணைந்தன. "அண்ணா, பில் பாதியிலேயே நிக்குது, நெட்டும் போயிருச்சு" என்று பில்லிங் மேசையிலிருந்து தங்கை ஒருவர் குரல் கொடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது: சுவரிலிருந்து வரும் ஒரே நெட்வொர்க் கேபிள் முதலில் போனுக்குள் சென்று, போனின் பின்புறத் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிறது. போன் அணைந்தால், கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தும் பயனில்லை.

அதன் பிறகு பெங்களூரின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுக்குப் போய் 16 துளைகள் கொண்ட பி.ஓ.இ. ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். இது கேபிள் வழியாகவே போனுக்கு மின்சாரம் தரும். 2003-இல் வந்த 802.3ஏ.எஃப். தரத்தின்படி ஒவ்வொரு துளையிலும் 15.4 வாட் வரை கொடுக்கலாம், 100 மீட்டர் கேபிளின் முனையில் 12.95 வாட் கிடைக்கும். எங்கள் போன் கேட்பதோ 4 வாட்டுக்குள். 14 போன்களுக்கு 56 வாட், ஸ்விட்ச், ரவுட்டர், இன்டர்நெட் வரும் ஃபைபர் பெட்டி எல்லாம் சேர்த்து 90 வாட் என்று கணக்குப் போட்டேன். சாதாரண யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதக் கணக்கிலேயே 84 வாட்-மணிதான். நடைமுறையில் அரை மணி நேரம் தாண்டுவதே பெரிது. ஆகவே 26 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டை வைத்தோம், நான்கு மணி நேரம் தாங்குகிறது. ஃபைபர் பெட்டியை மறந்துவிடாதீர்கள்: பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, ஃபைபரில் வெளிச்சம் மட்டுமே வரும்.

வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்தையும் படியுங்கள். யீலிங்க் நிறுவனத்தின் டி31 என்பதற்கு அடாப்டர் மட்டும்தான், டி31பி கேபிளிலிருந்து மின்சாரம் எடுக்கும், டி31ஜி அதோடு கிகாபிட் வேகமும் தரும். பில்லிங்குக்கு 'பி' போதும். பெரிய வரைபடக் கோப்புகளைத் திறக்கும் மேசையில் அதை வைத்தால், பின்னால் இணைந்த கம்ப்யூட்டரும் 100 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். அத்தகைய இரண்டு மேசைகளுக்கு நாங்கள் 'ஜி' வாங்கினோம்.

குடோனுக்குக் கம்பியில்லா டெக்ட் போன் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் மட்டுமே பயன்படுத்தினோம், ஆகையால் அதைப் பற்றி அழுத்தமாக எதுவும் சொல்ல மாட்டேன். இரும்பு ரேக்குகளுக்கு நடுவே சில இடங்களில் குரல் விட்டுவிட்டு வந்தது. ஐ.பி. போன்களும் எங்களிடம் ஓராண்டைத்தான் கடந்திருக்கின்றன. இதுவரை மாற்றியது ரிசீவர்ச் சுருள் கம்பிகள் இரண்டு மட்டுமே.

வாசல் காவலாளியின் அறையில் மட்டும் பழைய அனலாக் போனையே வைத்திருக்கிறோம். அங்கே போகும் கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டுகிறது, நெட்வொர்க் கேபிள் அவ்வளவு தூரம் ஒத்துழைக்காது. பழைய இரண்டு கம்பிகளையும் அனலாக் போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு சிறிய மாற்றிப் பெட்டியில் சேர்த்து, அந்தப் பெட்டியையும் அதே யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டோம்.